செம்பு என்றார்கள், உள்ளே அலுமினியம்

கேள்வி: நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். வீட்டுத் தண்ணீர்ப் பம்பின் மோட்டார் எரிந்துபோனதால் ஒரு கடையில் 380 வெள்ளிக்கு (ரிங்கிட்) காயில், அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், புதிதாகக் கட்டினேன். "முழுக்கச் செம்புக் கம்பி, ஜப்பான் பேரிங்" என்று வாட்ஸ்அப்பில் சொன்னார்கள். மூன்றே மாதத்தில் மறுபடியும் எரிந்தது. வேறொரு ஒயர்மேன் பிரித்துப் பார்த்து, கம்பி அலுமினியம், பேரிங்கில் கம்பெனிப் பெயரே இல்லை என்கிறார். பில்லில் "காயில், பேரிங் 6203" என்று மட்டும் இருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, அம்மா. ஆனால் எரிந்த காயிலை யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். கடைக்காரர் "கொண்டாங்க, பார்க்கிறேன்" என்றாலும் சரி, பழைய இரும்புக்காரர் வாசலில் வந்து நின்றாலும் சரி. உங்கள் வழக்கே அந்தக் கருகிய சுருளில்தான் இருக்கிறது.

அலுமினியத்தின் மேல் செம்பு போர்த்திய கம்பியும் சந்தையில் உண்டு. மேல் பூச்சைச் சுரண்டினால் அது சிவப்பாகத்தான் தெரியும். நுனியைக் குறுக்கே வெட்டி, வெட்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் வெள்ளையாக இருந்தால் அது செம்புக் கம்பி அல்ல. ஒயர்மேனை உங்கள் முன்னால் வெட்டச் சொல்லிப் படம் எடுங்கள். பார்த்ததைத் தேதி போட்டு, கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள்.

அலுமினியக் கம்பி போடுவதே குற்றமில்லை. அதற்கேற்பத் தடிமன் கூட்டிக் கட்டிய மோட்டார்கள் நன்றாகவே ஓடுகின்றன. செம்பு என்று சொல்லிக் காசு வாங்கியதுதான் தவறு. மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இப்படிப் பொய் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. பில்லில் இல்லாவிட்டால் என்ன, வாட்ஸ்அப் செய்தி இருக்கிறதே! அதை அழிக்காமல் அச்செடுத்து வையுங்கள்.

பேரிங்கை மட்டும் அதிகம் நம்பாதீர்கள். 6203 என்பது அளவு எண்: உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40. எந்த நாட்டில் செய்தாலும் இதே எண்தான், செய்தவர் யாரென்று அது சொல்லாது. அதனால் கம்பியை முன்னால் வைத்து, பேரிங்கைத் துணைப் புகாராகச் சேருங்கள்.

கடை பணம் தர மறுத்தால், திரிபுனல் என்று எல்லோரும் சொல்லும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளி; 50,000 வெள்ளி வரை கேட்கலாம்; மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே வழக்கறிஞர் உங்களுக்காக வாதாட முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், பயம் வேண்டாம்.

அதற்கு முன், 14 நாளில் 380 வெள்ளியைத் திருப்பித் தரும்படி கடைக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் சீட்டை அந்தக் காயிலோடு சேர்த்து ஒரே பையில் கட்டி வையுங்கள்.