ஜன்னலோரத்து சிகரெட்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் மகனுக்கு இன்னும் இரண்டு வயது நிரம்பவில்லை. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அடிக்கடி மூச்சிரைப்பு வந்து நெபுலைசர் வைக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் யாராவது புகைபிடிக்கிறார்களா என்று மருத்துவர் கேட்டார். என் மாமனாருக்கு நெடுநாளாக அந்தப் பழக்கம் உண்டு. பேரன் அருகில் இருந்தால் பற்றவைக்க மாட்டார். ஜன்னலோரம் நின்று, மின்விசிறியைப் போட்டுக்கொண்டுதான் பிடிப்பார். இது போதாதா? போதாதென்றால், மருமகளாகிய நான் அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

போதாது. திறந்த ஜன்னலும் மின்விசிறியும் வாடையைக் குறைக்கலாம். புகையை அவை வீட்டைவிட்டு முழுதாக வெளியேற்றுவதில்லை, பல சமயம் அடுத்த அறைக்கும் சேர்த்தே பரப்பிவிடுகின்றன. பிறர் விடும் புகையில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்றும், காற்றோட்ட வசதியால் அதன் தீங்கை நீக்கிவிட முடியாது என்றும் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2006-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே சொல்லிவிட்டார். உங்கள் மாமனார் இழுத்து ஊதுவதைக் காட்டிலும், இரண்டு இழுப்புகளுக்கு நடுவே அவர் விரலிடுக்கில் கனன்றுகொண்டிருக்கும் நுனியிலிருந்து எழுவதே அறையில் மிகுதியாகச் சேர்கிறது. ஃபில்டர் வழியாக வராமலும், குறைந்த சூட்டில் அரைகுறையாக எரிந்தும் வருவதால் அதில் நச்சும் கூடுதல்.

குழந்தைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறார்கள். அவர்களுடைய மூச்சுக்குழல்கள் குறுகலானவை என்பதால், சற்று வீங்கினாலே இளைப்பு கண்டுவிடுகிறது. நிமோனியாவும் நடுக்காதுத் தொற்றும் இத்தகைய வீடுகளில் வளரும் குழந்தைகளுக்குக் கூடுதலாக வருகின்றன. உடலுக்குள் சென்ற நிக்கோட்டின் கோட்டினின் என்ற பொருளாக மாறுவதால், சிகரெட்டைத் தொட்டே பார்த்திராத குழந்தையின் உமிழ்நீரிலும் அதை அளந்து காட்ட முடிகிறது.

2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கும் நம் நாட்டு விதி வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகிறது. ஸ்காட்லாந்தில் 2006-இல் இதே போன்ற தடை வந்தபோது, புகைப்பவர்கள் இனி வீட்டுக்குள் கூடுதலாகப் புகைப்பார்கள் என்று அஞ்சினார்கள். ஆனால் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சிறுவர்களின் எண்ணிக்கை, அதுவரை ஏறிக்கொண்டே இருந்தது, அதன்பின் ஆண்டுக்குச் சுமார் 18 விழுக்காடு என்ற வேகத்தில் இறங்கியது.

எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. மருமகள் சொன்னால், எவ்வளவு பணிவாகச் சொன்னாலும், பேச்சு புகையை விட்டுவிட்டு மரியாதைக்குத் தாவிவிடும். இது உங்கள் கணவர் செய்ய வேண்டிய வேலை. (இப்படிப்பட்ட சமயங்களில் மகன்கள் செய்தித்தாளுக்குள் புதைந்துகொள்வது எனக்கும் தெரியும்.) அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவர் தம் தந்தையையும் அழைத்து வரட்டும், பேரனின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு மருத்துவர் சொல்வது தாத்தாவின் காதில் நிச்சயம் விழும். எடுத்த எடுப்பிலேயே பழக்கத்தை விடச் சொல்லாமல், மொட்டைமாடிக்கோ தெருவுக்கோ போய்ப் பிடிக்கும்படி மட்டும் கேளுங்கள். திரும்பி வந்தவர் கைகழுவி, சட்டையையும் தோள்துண்டையும் மாற்றிய பிறகே பேரனைத் தூக்கட்டும், ஏனென்றால் புகையின் படிவு துணியோடு கூடவே வீட்டுக்குள் வருகிறது. திரைச்சீலைகளையும் மெத்தை உறைகளையும் ஒருமுறை துவைத்துவிடுங்கள்.

விட்டுவிடலாம் என்று அவருக்கே தோன்றும் நாளில் அழைப்பதற்கான இலவச எண், 1800112356, அவருடைய சிகரெட் பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.