தோற்ற அன்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் காரணம்: நேர்மறை மனப்பான்மை குறித்த கேள்வி பதில்

கல்லூரி மாணவர்களுக்கும் போட்டித் தேர்வு எழுதுவோருக்கும் உளவியல் ஆலோசகராக இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றி வருகிறேன். நேர்மறை மனப்பான்மை வாழ்வில் வெற்றிக்கு உண்மையிலேயே துணை செய்கிறதா என்று பலர் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஐயா, குரூப் 4 தேர்வை மூன்று முறை எழுதிவிட்டேன். கடைசி முறை கட்-ஆப் மதிப்பெண்ணுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டேன். எல்லோரும் 'பாசிட்டிவாக இரு' என்கிறார்கள். அப்படி இருந்தால் மதிப்பெண் கூடிவிடுமா? (தேர்வர், திண்டுக்கல்)

நேரடியாக ஒரு மதிப்பெண்கூடக் கூடாது. ஆனால் முடிவு வந்த மறுவாரம் நீங்கள் மீண்டும் புத்தகத்தைத் திறப்பீர்களா, திறந்தால் எந்தப் பகுதியை முதலில் எடுப்பீர்கள் என்பதை உங்கள் மனப்பான்மைதான் முடிவு செய்கிறது. மதிப்பெண் அதன் வழியாக வருகிறது.

அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் பல ஆண்டுகள் ஆராய்ந்த கேள்வி, தோல்விக்கு ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் காரணம் எப்படிப்பட்டது என்பதாகும். 'எனக்குப் படிப்பு வராது' என்று சொல்லிக்கொள்பவர், என்றைக்கும் மாறாததும் வாழ்க்கை முழுவதையும் மூடுவதுமான ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்கிறார். 'திறனறி வினாக்களுக்கு நேரம் போதவில்லை' என்று சொல்லிக்கொள்பவருக்கோ, அடுத்த மூன்று மாதங்களுக்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. செலிக்மனும் அவருடைய குழுவினரும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக நீச்சல் வீரர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒவ்வொருவரையும் முழு வேகத்தில் நீந்தச் செய்து, எடுத்துக்கொண்ட நேரத்தை உண்மையைவிட அதிகமாகச் சொல்லி ஏமாற்றமடைய வைத்து, சிறிது ஓய்வுக்குப் பின் மீண்டும் நீந்தச் சொன்னார்கள். தோல்வியை நம்பிக்கையற்ற விதத்தில் விளக்கிக்கொள்ளும் பழக்கம் உடையவர்கள் இரண்டாம் முறை வேகம் குறைந்தார்கள். மற்றவர்களுக்கு அந்தச் சரிவு நேரவில்லை. அந்த வீரர்களில் ஒருவரான மேட் பியோண்டி 1988 சியோல் ஒலிம்பிக்கில் முதல் போட்டியில் வெண்கலமே பெற்றார். அடுத்து 100 மீட்டர் பட்டர்ஃபிளையில், சுரினாம் நாட்டு ஆண்டனி நெஸ்டியிடம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு வேறுபாட்டில் தங்கத்தை இழந்தார். எஞ்சிய ஐந்து போட்டிகளிலும் அவருக்குத் தங்கம் கிடைத்தது.

உங்கள் தேர்வுக்கு வருவோம். 200 வினாக்களில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிதல். விடைக்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, தவறிய ஒவ்வொரு வினாவையும் மூன்று குவியல்களாகப் பிரியுங்கள்: படிக்கவே இல்லாதது, படித்து மறந்தது, தெரிந்திருந்தும் தவறாகக் குறித்தது. என்னிடம் வந்த பலருக்கு மூன்றாம் குவியல் அவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பெரியதாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவர்கள் முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன்; ஏனெனில் 'நான்' என்று நினைத்திருந்த குறை 'அந்த முப்பது வினாக்கள்' என்று சுருங்கிவிடுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024-ஆம் ஆண்டு குரூப் 4 அறிவிப்பு வந்தபோது இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 20 லட்சம் பேர். தகுதியுள்ள பலர் வெளியே நிற்க நேரும் தேர்வு இது. ஆகவே இன்னும் எத்தனை முறை எழுதுவது, எந்த வயதில் வேறு வேலைக்குச் செல்வது என்பதை வீட்டாரோடு பேசி இப்போதே தேதியிட்டு எழுதி வையுங்கள். எல்லை தெரிந்தவருக்கு மனம் அலைபாயாமல் படிக்க முடிகிறது.

தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு, பெரிய நிறுவனத்தில் வேலை கிடைத்துவிட்டதாகக் கற்பனை செய்கிறேன். மிகவும் உற்சாகமாக இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு படிக்கத் தோன்றுவதில்லை. ஏன்? (பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்)

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அதை நீங்களே கவனித்ததற்காகப் பாராட்டுகிறேன். ஜெர்மானிய உளவியலாளர் கேப்ரியல் ஓட்டிங்கன், வேலை தேடிய பட்டதாரிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். நல்ல வேலை கிடைத்துவிட்டதாக இனிய கற்பனைகளில் அடிக்கடி ஆழ்ந்தவர்கள் குறைவாக விண்ணப்பித்தார்கள், குறைவான வாய்ப்புகளையே பெற்றார்கள், சம்பளமும் குறைவாகவே வாங்கினார்கள். அதே ஆய்வில், தமக்கு வேலை கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகவே முன்னேறினார்கள். கற்பனையும் எதிர்பார்ப்பும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க எனக்குத் தெரியவில்லை. எதிர்பார்ப்பு நாம் முன்பு செய்து பார்த்தவற்றின் மேல் எழுகிறது. கற்பனையோ, ஊர் போய்ச் சேருவதற்கு முன்பே சேர்ந்துவிட்ட களிப்பைத் தந்து காலைத் தளர்த்திவிடுகிறது.

கற்பனையை விட்டுவிட வேண்டியதில்லை. அதன் பக்கத்திலேயே தடையையும் நிறுத்துங்கள். வேலை கிடைத்த காட்சியை ஒரு நிமிடம் நினைத்த பிறகு, இன்று அதற்குக் குறுக்கே நிற்கும் உங்களுடைய பழக்கம் எது என்று கேளுங்கள். 'இரவு உணவுக்குப் பிறகு கைபேசியை எடுத்தால், அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஒரு நிரலை எழுதி முடிப்பேன்' என்பதுபோல, 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்ற வடிவில் ஒரே ஒரு வாக்கியம் போதும்.

நான் காப்பீட்டு முகவர். பத்து வீடுகளில் ஒன்பது வீடுகள் மறுத்துவிடுகின்றன. எப்படித் தாங்குவது? (சேலம்)

மேலே சொன்ன செலிக்மன், 1980-களில் மெட்லைஃப் என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தின் முகவர்களிடமும் இதே ஆய்வைச் செய்தார். மறுப்பைத் தம் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதவர்கள் அதிகம் விற்றார்கள். மறுத்தவர் உங்களை மறுக்கவில்லை; அந்த மாதம், அந்தத் தொகையை மறுத்தார். பத்தாவது கதவையும் முதல் கதவைப் போலவே தட்டுங்கள்.

என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். 'நீ புத்திசாலி, உன்னால் முடியும்' என்று ஊக்கப்படுத்திக்கொண்டே இருக்கிறேன். ஆனாலும் கடினமான கணக்கு என்றால் ஒதுங்குகிறாள். (ஒரு தாய், மதுரை)

அம்மா, உங்கள் அன்பில் குறையில்லை. சொல்லைத்தான் சற்று மாற்ற வேண்டும். 1998-இல் உளவியலாளர்கள் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் ஏறக்குறைய உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய சோதனைகளில், புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் கடினமான புதிர்களில் தோற்ற பிறகு மனம் தளர்ந்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் தொடர்ந்தார்கள். புத்திசாலி என்ற பெயரைக் காப்பாற்ற வேண்டிய குழந்தை, தவறு செய்யக்கூடிய இடத்திற்கே போகாது. 'இந்த வழி வரவில்லை என்றதும் வேறு வழியில் போட்டாயே, அது நன்றாக இருந்தது' என்று அவள் செய்ததைச் சொல்லுங்கள். இதை மந்திரமாகவும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், முயன்றால் திறமை வளரும் என்ற எண்ணத்தைப் பயிற்றுவிப்பதால் பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் சிறிதளவே உயர்ந்தது. கணக்கைச் சொல்லித்தர ஒருவர் அருகில் உட்காரவும் வேண்டும்.

திருப்பூரில் ஆடை தைக்கும் சிறிய பவர் டேபிள் யூனிட் நடத்துகிறேன். இரண்டு ஆண்டுகளாக ஆர்டர் குறைவு. நகையை அடகு வைத்துக் கூலி கொடுக்கிறேன். மனைவி மூடச் சொல்கிறார். நான் நம்பிக்கையை இழக்கவில்லை. யார் சொல்வது சரி?

உங்கள் கணக்கேட்டைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. ஆனால் உங்கள் மனைவியை நம்பிக்கையற்றவர் என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டின் கையிருப்பை அறிந்தவர் அவர். நேர்மறை மனப்பான்மையின் பெயரால் நான் கண்ட மிகப் பெரிய சேதம், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாததால் வந்ததுதான். இதுவரை போட்ட பணம் திரும்ப வேண்டும் என்ற ஏக்கமும் நம்பிக்கையும் உள்ளிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, எந்த மாதத்திற்குள் எத்தனை ஆர்டர் வந்தால் தொடர்வது, வராவிட்டால் எந்தத் தேதியில் இயந்திரங்களை விற்பது என்று எழுதுங்கள். அதற்கு மேல் ஒரு கிராம் நகையும் வெளியே போகக் கூடாது. யூனிட் மூடப்பட்டாலும் தொழில் அறிவும், கூலி பாக்கி வைக்காதவர் என்ற பெயரும் உங்களிடமே இருக்கும்.

என் வகுப்பில் பெற்றோர் செங்கல் சூளைக்குப் போய்விட்ட பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் 'நேர்மறையாக இரு' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. (அரசுப் பள்ளி ஆசிரியர்)

உங்கள் தயக்கம் மிகச் சரியானது. காமராசர் காலத்து மதிய உணவும், 1982-இன் சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் எத்தனையோ பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைத்தன; ஊக்க உரைகள் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது.

ஆனால் உங்கள் கையில் ஒன்று இருக்கிறது. தப்பிக்கவே முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பின்னர் தப்பிக்க வழி இருந்தும் முயலாமல் படுத்துவிட்டதை செலிக்மனும் ஸ்டீவன் மையரும் 1967-இல் எழுதினார்கள். உதவியற்ற நிலை கற்றுக்கொள்ளப்படுவது என்பது அன்றைய முடிவு. 2016-இல் அவர்களே அதைத் திருத்தினார்கள்: நீண்ட துன்பத்தில் செயலற்றுப் போவது மூளையின் இயல்பு, நம் செயலால் ஒன்று மாறும் என்பதுதான் கற்றுக்கொள்ளப்படுவது. ஆகவே செடிக்கு நீர் ஊற்றுவதோ, வகுப்பு நூலகச் சாவியை வைத்திருப்பதோ, தான் செய்தால் ஒன்று நடக்கிறது என்பதை அந்தப் பிள்ளை தினமும் பார்க்கும்படியான ஒரு பொறுப்பை அதன் கையில் கொடுங்கள்.

என் தம்பி சில வாரங்களாகத் தூங்குவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, 'நான் இருந்து என்ன பயன்' என்கிறான். நல்லதையே நினை என்று சொல்லிப் பார்த்துவிட்டோம். (ஓர் அக்கா, தஞ்சாவூர்)

அம்மா, இது மனப்பான்மையின் குறை அன்று. மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. நல்லதை நினை என்று சொல்வதை இன்றே நிறுத்துங்கள், ஏனெனில் அதுவும் தன்னால் முடியவில்லையே என்று அவர் மேலும் குன்றிப் போவார். அவரைத் தனியாக விடாமல், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நீங்களே உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் தூங்கி எழுந்து, பசித்துச் சாப்பிடத் தொடங்கிய பிறகு, படிப்பைப் பற்றியும் வேலையைப் பற்றியும் பேச நிறைய நேரம் இருக்கிறது.