வெயிலுக்குப் பயந்து கொடியைப் பிடுங்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து வந்து மேற்கு கேப் மாகாணத்துப் பார்ல் பக்கம் 2 ஹெக்டேர் திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். எல்லாம் 38 வயது செனின் பிளாங்க் (வெள்ளை ஒயின் ரகம்) கொடிகள். மேற்குப் பக்கக் குலைகள் வெந்து பழுப்பாகின்றன. சர்க்கரை சீக்கிரம் ஏறிவிடுகிறது, புளிப்பே இல்லை. ஒயின் ஆலையில் விலையைக் குறைக்கிறார்கள். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வெயில் தாங்கும் ரகம் வைக்கச் சொல்கிறார் நாற்று ஏஜென்ட். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அவருக்குக் கமிஷன் நாற்றுக் கணக்கில் வருகிறது. உங்களுக்கோ புதுக்கொடியில் உருப்படியான மகசூல் பார்க்க மூன்று வருஷமாவது ஆகும். குத்தகை நிலத்தில் கொடியைப் பிடுங்க உங்களுக்கு உரிமை உண்டா என்று அவர் கேட்டாரா?

சூடு கூடினால் பழத்தில் சர்க்கரை வேகமாக ஏறும், புளிப்பு வேகமாக இறங்கும். மணமும் ருசியும் பின்தங்கிவிடும். அவை வரட்டும் என்று காத்திருந்தால் சர்க்கரை 24 பாலிங் (சாற்றில் சர்க்கரையை அளக்கும் அளவு) தாண்டி, ஒயினில் 14 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் நிற்கும். அதனால் சர்க்கரையை மட்டும் பார்க்காமல் புளிப்பையும் அளந்து, சில நாள் முன்னதாக, விடியற்காலையில் அறுவடை செய்யுங்கள்.

குலை வேகுவதற்குப் பெரும்பாலும் ஆட்களே காரணம். காற்றோட்டம் வேண்டும் என்று இருபுறமும் இலை கிள்ளுகிறார்கள். கிழக்கில் கிள்ளுங்கள், மேற்கில் கை வைக்காதீர்கள். நேர் வெயில் படும் பழம் காற்றைவிடப் பத்து டிகிரி கூடச் சூடாகும். வெப்ப அலை வருகிறது என்றால் அதற்கு முன்பே தண்ணீர் விடுங்கள். வதங்கிய பிறகு விட்டுப் பயனில்லை. நேட்டால் கரும்புக்காட்டு அனுபவத்தில் கோடை மழையை எதிர்பார்க்காதீர்கள். கேப்பில் மழை குளிர்காலத்தில்தான்.

கிழக் கொடியின் வேர் ஆழம் போயிருக்கும், இளங்கொடிக்குத்தான் தண்ணீர் அதிகம் வேண்டும். 2018 வறட்சியில் பாசனத் தண்ணீரைப் பாதிக்கு மேல் வெட்டியது ஞாபகம் இருக்கட்டும். இன்னொன்று, 35 வயது தாண்டிய தோட்டங்களுக்கு நட்ட வருஷம் போட்டு முத்திரை கொடுக்கிறது ஓல்ட் வைன் புராஜெக்ட் என்ற, கிழக் கொடிகளைக் காக்கும் அமைப்பு. அப்படிப்பட்ட பழத்தைத் தேடி வாங்குகிற ஒயின்காரர்கள் இருக்கிறார்கள்.

பிடுங்கியே ஆகவேண்டிய ஒரு நிலை உண்டு: இலைச்சுருள் வைரஸ். சிவப்பு ரகங்களில் இலை சிவந்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்று காட்டிக்கொடுக்கும். செனினில் கண்ணுக்கு அனேகமாக ஒன்றும் தெரியாது. ஏஜென்ட் இலையைத் தடவிப் பார்த்து "வைரஸ்தான்" என்றால் நம்பாதீர்கள்; "இல்லை" என்றாலும் நம்பாதீர்கள். அறுவடை முடிந்து இலை உதிரும் முன் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அங்கங்கே நாலு கொடி என்றால் அவற்றை மட்டும் வேரோடு எடுங்கள். வரிசை வரிசையாக என்றால் மொத்தமும் போக வேண்டியதுதான். இதைப் பரப்புவது மாவுப்பூச்சி, அதற்குக் காவல் எறும்பு. அதனால் எறும்பை விடாதீர்கள். எடுத்த இடத்தில் உடனே நடவும் கூடாது, மிஞ்சிய பழைய வேரில் பூச்சி காத்திருக்கும். அப்புறம் நட்டாலும் சான்றிதழ் உள்ள நாற்றுதான். வண்டியில் கொண்டுவந்து பாதி விலைக்குத் தருவதில் இந்த வைரஸே வந்து இறங்கலாம்.

சரி, தண்ணீர். "போர்வெல் போட்டால் தீர்ந்தது, பேப்பரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அடுத்து ஒருவர் வருவார். 1998 தண்ணீர்ச் சட்டப்படி நிலத்தடி நீரும் நிலக்காரருக்குச் சொந்தமில்லை. பாசன உரிமை எவ்வளவு என்று நில உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒரு விண்ணப்பத்தை ஓர் அலுவலகத்தில் இரண்டு முறை தொலைத்துவிட்டு, மூன்றாம் முறை "ஏன் தாமதம்?" என்று எங்களையே கேட்டார்கள். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் முத்திரை போட்ட நகல் வாங்கி வையுங்கள்.