கப்பில் உரசிப் பாருங்கள், தரகரிடம் கொடுக்காதீர்கள்

கேள்வி: நிலாவெளியில் பொறுக்கிய கறுப்புக் கல் ஒன்று காந்தத்தில் ஒட்டுகிறது. ‘விண்கல்தான், சான்றிதழ் எடுத்துத் தருகிறேன்’ என்று ஒருவர் 40,000 ரூபா கேட்கிறார். அடுத்த மாதம் மஸ்கட்டில் உள்ள அண்ணாவிடம் போகிறேன். அங்கே பாலைவனத்திலும் தேடலாமா?

பதில்: தம்பி, முதலில் அந்தக் காசைக் கொடுக்காதீர்கள். வலம்புரிச் சங்கு, கஜமுத்து என்று திரிந்த கூட்டம்தான் இப்போது விண்கல்லைப் பிடித்திருக்கிறது. இன்றைக்குச் சான்றிதழுக்கு, நாளைக்குப் பரிசோதனைக்கு, அப்புறம் வெளிநாட்டு வியாபாரி தங்கும் ஹோட்டலுக்கு என்று கறப்பார்கள். வியாபாரி வரவே மாட்டார். துண்டு வெட்டி ஆய்வுகூடத்தில் பார்க்காமல் எந்தக் கல்லும் விண்கல்லாகப் பதிவாகாது. தரகர் காட்டுவது லாமினேட் செய்த வெறும் தாள்.

நம் திருகோணமலை மாவட்டத்தில் காந்தத்தை நம்பவே கூடாது. புல்மோட்டைக் கறுப்பு மணலில் அதை விட்டு எடுங்கள், மீசை முளைத்து வரும். சேருவிலப் பக்கம் காந்த இரும்புத்தாதே கிடக்கிறது. தேநீர்க் கப்பைக் கவிழ்த்து, அடியில் சொரசொரப்பான வளையத்தில் கல்லை உரசுங்கள். கறுப்பாகவோ செம்மண் நிறமாகவோ கோடு விழுந்தால் பெரும்பாலும் ஊர்க்கல்தான். குமிழித் துளைகள் இருந்தாலும் அப்படித்தான்.

ஒட்டாத விண்கல்லும் உண்டாமே என்பீர்கள். உண்டு. நிலவிலிருந்தும் செவ்வாயிலிருந்தும் வந்தவற்றில் உலோக இரும்பு மிகக் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை காந்தத்தைச் சட்டை செய்யாது. ஆனால் பார்வைக்கு அவை சாதாரணக் கல்தான், ஆய்வுகூடம் இல்லாமல் நிபுணருக்கே பிடிபடாது. ஒட்டாததெல்லாம் நிலாக்கல் என்று ஒருவர் அரிசிப் பை நிறையக் கொண்டுவந்தார். பாதி தார்ரோட்டுச் சல்லி.

அலுவலகங்களை நம்பியும் காத்திருக்காதீர்கள். நான் ஒரு கல்லைப் பற்றிக் கேட்டு எழுதினேன். பதினான்கு மாதம் கழித்து ‘உரிய படிவத்தில் விண்ணப்பிக்கவும்’ என்று பதில். படிவம் எங்கே என்று எழுதவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறைக்குத் தெளிவான படங்களும் நிறையும் அனுப்பிப் பாருங்கள்.

ஓமான் தேடுவதற்கு அருமையான நிலம்தான். மழை குறைவு, தரை வெளிறியது, கறுத்த கல் தூரத்திலேயே தெரியும். நம் ஊர் ஈரத்தில் விண்கல்லின் இரும்பு துருப்பிடித்து உதிர்ந்துபோகும். ஆனால் அங்கே எடுத்துப் பையில் போட்டால் கதை வேறு. 2011இல் விண்கல் தேடிப் போன இரு அமெரிக்கர்கள் ஓமானில் சிறைக்கே போனார்கள். படம் எடுங்கள், இடத்தைப் போனில் குறியுங்கள், கல்லைக் கிடந்த இடத்திலேயே விடுங்கள். ‘விமான நிலையத்தில் நமக்கு ஆள் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், அண்ணாவின் விசாவை நினைத்துக்கொள்ளுங்கள்.