முதுகு வலிக்குப் போனால் மனசைப் பற்றி ஏன் கேட்கிறார்கள்?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 44 வயது. விசைப்படகில் வலை இழுக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. ஆறு மாதமாகத் தொழிலுக்குப் போகவில்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர், ஆபரேஷன் வேண்டாம், பிசியோதெரபி போதும் என்றார். அங்கே போனால், 'ராத்திரி தூங்குறீங்களா, மனசு எப்படி இருக்கு' என்று கேட்கிறார்கள். 'என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டாங்க, அடுத்து ஏர்வாடிதான்' என்று இவர் போக மறுக்கிறார். முதுகுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: நானும் பிசியோதெரபிஸ்ட்தான், என்னிடம் வருபவர்களிடம் நானும் இதைத்தான் கேட்கிறேன், சகோதரி. ஏர்வாடி பயமும் எனக்குப் புதிதில்லை. 2001-இல் அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் கருகினார்கள். நம் மாவட்டத்துக்காரருக்கு மனசு என்றதும் அது நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் தெரபிஸ்ட் கேட்பது வேறு விஷயம்.

உங்கள் வீட்டுக்காரரின் வலி நிஜம். வலி மாதக்கணக்கில் நீண்டால், அடிபட்ட இடம் ஆறிய பிறகும் பலருக்கு நரம்புகள் அடங்குவதில்லை. தூக்கமின்மையும் கவலையும் அதைக் கூட்டும். 'குனிந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும்' என்று பயந்து குனியாமலே இருந்தால் முதுகு இறுகும், தசை வலுவிழக்கும், அப்புறம் லேசாகக் குனிந்தாலே வலிக்கும். செருப்பை மாட்டச் சொன்னாலே மூச்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சு விளிம்பை இறுக்கிப் பிடிப்பவர்கள் உண்டு. படுக்க வைத்து முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவந்தால் அதே இடுப்பு நன்றாக மடங்கும். தடுப்பது பயம்தான். அவர்களுக்குக் கரண்ட் சிகிச்சை வைத்து என்ன ஆகப்போகிறது?

அப்படிப்பட்டவர்களை நான் கரைக்குத்தான் அனுப்புவேன். பத்து நிமிடம் உட்கார்ந்து வலைக் கிழிசலைச் சரிசெய்வது, எழுந்து நடப்பது. அடுத்த வாரம் தரையில் கிடக்கும் மிதவையைக் குனிந்து எடுப்பது. வலித்தால் நிறுத்துவது, வலிக்காவிட்டால் இழுத்துச் செய்வது என்றில்லாமல் நேரக் கணக்குப்படி கூட்ட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கூட்டாளிகளும் கரையில் இருப்பார்கள். தொடங்க நல்ல நேரம்.

கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லையா, மனசு சோர்ந்து கிடக்கிறதா என்று இரண்டு கேள்வி கேட்போம். பெரும்பாலான நாள் அப்படித்தான் என்றால் மனநல மருத்துவரிடம் அனுப்புவோம். மருந்து கொடுப்பது எங்கள் வேலை இல்லை. அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்நேரமும் இலவசமாகப் போன் செய்து தமிழிலேயே பேசலாம். 'இருந்து என்ன பிரயோஜனம்' என்று அவர் சொன்னால், சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமென்றால் தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் மனசின் தலையில் கட்டவும் கூடாது. காலில் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ பயிற்சியை விட்டுவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அடுத்த தடவை நீங்களும் கூடப் போங்கள். திரைக்கு அந்தப் பக்கம் நாலு பேர் இருக்க எந்த ஆம்பளையும் தூக்கம் வரவில்லை என்று சொல்ல மாட்டார். தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். படகு ஓனரிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு நிற்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எத்தனை வாரத்தில் கடலுக்குத் திரும்ப வேண்டிய நெருக்கடி என்று தெரிந்தால்தான் பயிற்சியை அதற்கேற்ப வகுக்க முடியும்.