அவருக்கு மலை, எனக்குக் கடல்

கேள்வி: என் கணவருக்கு 64 வயது, எனக்கு 60. அவர் வங்கியிலிருந்தும் நான் பள்ளி ஆசிரியை வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டோம். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு மலையேறும் பைத்தியம் பிடித்திருக்கிறது. காலையில் நடக்க வரும் நண்பர்களோடு கொல்லிமலை, பர்வதமலை என்று கிளம்பிவிடுகிறார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி திடமாக இருக்கிறார். எனக்கு முழங்கால் வலி. சமதளத்தில் நடப்பேன், இறங்குவதுதான் கஷ்டம். ஒருமுறை அவரோடு போனேன். அவர் பாட்டுக்கு முன்னால் போய்விட்டார். நான் பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து அழுதேன். இப்போது அந்தமான் போகலாம், அங்கே காடும் மலையும் இருக்கிறது என்கிறார். எனக்கும் கடல் என்றால் ஆசைதான், காலை நனைத்ததைத் தவிர வேறு எதுவும் செய்ததில்லை. ஆனால் நான் போனால் அவருக்குச் சுமையாகிவிடுவேன். பெங்களூரில் இருக்கும் மகனோ, "இந்த வயசுல காட்டுல என்ன வேலை? பேக்கேஜ் டூர்ல காசிக்குப் போங்க" என்கிறான். அவரை மட்டும் அனுப்பிவிடலாமா?
— பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அனுப்ப வேண்டாம், நீங்களும் கிளம்புங்கள். உங்கள் கடிதத்தில் அவருடைய மலை, அவருடைய நண்பர்கள், அவருடைய மாத்திரை எல்லாம் விவரமாக வருகின்றன. உங்கள் கடல் மட்டும் ஒரே வரியில் தலைகாட்டிவிட்டு, அடுத்த வரியிலேயே ஒரு 'ஆனால்' வந்து அதை மறைத்துவிடுகிறது. ஓய்வூதியம் உங்களுக்கும்தானே வருகிறது? இந்தப் பயணத்தில் பாதி உங்களுடையது. சுமை என்ற பேச்சை இதோடு விட்டுவிடுங்கள்.

சேர்ந்து போவது என்றால் காலையிலிருந்து ராத்திரி வரை ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று உங்கள் இரண்டு பேருக்குமே ஒரு நினைப்பு இருக்கிறது. அன்றைக்குப் பாறையில் உட்கார்ந்து அழ வைத்தது உங்கள் முழங்கால் மட்டுமில்லை, அந்த நினைப்பும்தான். அந்தமானை எடுத்துக்கொள்ளுங்கள். ஹேவ்லாக் தீவில் எலிபன்ட் பீச் என்று ஒரு கடற்கரை இருக்கிறது. (தீவின் பெயரை 2018-இல் ஸ்வராஜ் த்வீப் என்று மாற்றிவிட்டார்கள். டிக்கெட்டில் அந்தப் பெயரைப் பார்த்து, வேறு தீவுக்கு ஏற்றிவிட்டார்களோ என்று பதற வேண்டாம்.) அந்தக் கடற்கரைக்குக் காரில் போக முடியாது. அதே தீவின் ராதாநகர் கடற்கரைக்குப் போகும் சாலையில் இறங்கிக் காட்டுக்குள் அரை மணி, முக்கால் மணி நேரம் நடந்து போகலாம். இல்லையென்றால் ஹேவ்லாக் படகுத்துறையிலிருந்து படகில் ஏறினால் ஏறக்குறைய 20 நிமிடம். அவர் வழிகாட்டியோடு காட்டுப் பாதையில் வரட்டும். நீங்கள் படகில் போங்கள். அனேகமாக நீங்கள்தான் முதலில் போய்ச் சேர்வீர்கள். இளநீர் குடித்துக்கொண்டே அவருக்காகக் காத்திருக்கலாம், ஒரு மாறுதலுக்கு! மழை பெய்திருந்தால் அந்தப் பாதை சேறாகிவிடும், அட்டையும் ஏறும். பாதை திறந்திருக்கிறதா என்று முதல் நாளே தங்கும் விடுதியில் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

போர்ட் பிளேரிலும் இதே வசதி உண்டு. (அதற்கும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தமானில் ஊர்ப் பெயர்களை மனப்பாடம் செய்வதே தனி வேலை.) ஊருக்கு எதிர்க்கரையில் மவுண்ட் ஹாரியட் (2021 முதல் மவுண்ட் மணிப்பூர்) என்ற மலை, நானூறு மீட்டருக்குள்தான் உயரம். பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டு ஏதாவது வீட்டில் கிடந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். தென்னை மரங்களும் கடலுமாக இருக்கும் அந்தப் படம் இந்த மலைப்பக்கமிருந்து தெரியும் காட்சிதான். ஊரிலுள்ள சாத்தம் படகுத்துறையிலிருந்து வண்டிகளை ஏற்றும் படகில் எதிர்க்கரையிலுள்ள பாம்பூ ஃப்ளாட்டுக்குக் கடந்தால், அங்கிருந்து உச்சி வரை கார் போகும். உச்சியிலிருந்து காலாபத்தர் என்ற பாறை வரை காட்டு வழியாக ஒரு நடைபாதை இருக்கிறது. அவர் அதில் போய்வரட்டும், நீங்கள் மேலே உட்கார்ந்து கடலைப் பாருங்கள். அவர் திரும்பியதும் இரண்டு பேரும் ஒரே காரில் இறங்கிவிடலாம். இறங்கும்போதுதானே உங்களுக்கு வலி? அந்த வேலையைக் கார் பார்த்துக்கொள்ளும்.

அந்த மலையைப் பற்றிப் பேசும்போது ஒரு கதையையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கணவருக்குப் பயன்படும். 1872 பிப்ரவரி 8-ஆம் தேதி, இந்தியாவின் வைஸ்ராய் மேயோ பிரபு, சூரியன் மறைவதைப் பார்க்க ஆசைப்பட்டு இதே மலையில் ஏறினார். பார்த்துவிட்டு இறங்குவதற்குள் இருட்டிவிட்டது. கீழே ஹோப் டவுன் படகுத்துறையில் ஷேர் அலி என்ற கைதி இருட்டோடு இருட்டாகப் பாய்ந்து அவரைக் கத்தியால் குத்தினான். வைஸ்ராய் பிழைக்கவில்லை. உங்கள் கணவரைக் குத்த அங்கே யாரும் காத்திருக்கப் போவதில்லை, ஆனால் வழுக்குப் பாறையும் மரவேரும் நிச்சயம் காத்திருக்கும். அந்தமான் நம் ஊருக்கு வெகு கிழக்கே இருக்கிறது, ஆனால் கடிகாரம் மட்டும் அதே இந்திய நேரம். அதனால் சென்னையைவிட முக்கால் மணி நேரத்துக்கு மேல் முந்தியே சூரியன் இறங்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் ஐந்து, ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும், காட்டுக்குள் அதற்கும் முன்பே வெளிச்சம் குறைந்துவிடும். திருச்சியில் மாலை ஐந்து மணிக்கு நடைக்குக் கிளம்புகிற பழக்கத்தை அங்கே மறந்துவிட வேண்டும். விடியலும் சீக்கிரம் என்பதால் ஆறரைக்கெல்லாம் நடையைத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவதுதான் சரி.

சரி, ஒரு நாளாவது சேர்ந்து நடக்க வேண்டாமா? வேண்டும். போர்ட் பிளேருக்குத் தெற்கே சிடியா டாப்புவில் முண்டா பஹாட் என்ற சின்ன நடை அதற்குத் தோதாக இருக்கும். கடலைப் பார்த்தபடி ஒரு பாறை முனை வரை போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன் அவருக்கு ஒரு விதியைச் சொல்லிவிடுங்கள், வேண்டுமானால் இந்தப் பக்கத்தைக் கிழித்தே கையில் கொடுங்கள்: மலைப்பாதையில் மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போக வேண்டும். வேகமாக நடப்பவர் முன்னால் போனால் என்ன ஆகிறது? அவர் ஒரு திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிக் காத்திருப்பார். பின்னால் வருபவர் தத்தித் தத்தி வந்து சேர்ந்த நொடியில் "வந்துட்டியா, போலாமா?" என்று கிளம்பிவிடுவார். ஓய்வு தேவையில்லாதவருக்கு ஓய்வு, தேவைப்பட்டவருக்கு எதுவும் இல்லை. நீங்கள் முன்னால் போனால் வேகம் உங்களுடையது, நிற்கும் இடமும் உங்களுடையது. அவருடைய ரத்த அழுத்தத்துக்கும் அந்த வேகம் கெடுதல் இல்லை.

கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே உங்கள் காலைக் கவனிக்கத் தொடங்குங்கள். முதலில் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். தொடையின் முன்பக்கத் தசைக்கு அவர்கள் சொல்லித்தரும் பயிற்சியை ஒழுங்காகச் செய்தால், இறங்கும்போது முழங்காலில் விழும் பாரத்தில் ஒரு பங்கை அந்தத் தசை வாங்கிக்கொள்ளும். கைக்கு ஒன்றாக இரண்டு ஊன்றுகோல் வாங்குங்கள். மடக்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளும்படியே கிடைக்கின்றன, இறங்கும்போது சற்று நீளமாக வைத்துக்கொள்ளலாம். ஊன்றுகோல் கிழடுகளுக்கு என்று அவர் சிரித்தால், அவருக்கும் ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். உள்ளூரிலேயே பழக மலைக்கோட்டை இருக்கிறது. மருத்துவர் சரி என்றால் தாயுமானவர் சந்நிதி வரை உங்களுக்குப் போதும், உச்சிப்பிள்ளையார் அவருக்கு. காவிரியில் தண்ணீர் இல்லாத நாட்களில் மணலில் நடந்து பாருங்கள். கடற்கரையில் நடப்பது சாலையில் நடப்பது மாதிரி இல்லை, கெண்டைக்கால் சொல்லிவிடும். அப்புறம், தமிழக வனத்துறை 2024-இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்து வழிகாட்டியோடு அழைத்துப் போகிறார்கள். அதில் எளிதான ஒன்றுக்குச் சேர்ந்தே போய், யார் முன்னால் என்ற விதியை ஒத்திகை பார்த்துவிடலாம்.

அவரையும் மருத்துவரிடம் அனுப்புங்கள். திடமாக இருக்கிறார் என்பது நீங்கள் பார்த்துச் சொல்வது, மருத்துவர் சோதித்துச் சொல்லட்டும். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகம் பிரியவைக்கும். தீவின் புழுக்கத்தில் வியர்வை உடம்பிலேயே நிற்கும், உலராது, சூடும் தணியாது. அதனால் கொல்லிமலையில் நடந்த தூரத்தை வைத்து அங்கே கணக்குப் போடக் கூடாது. என்ன மாத்திரை, எவ்வளவு தண்ணீர் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும், தானாக அளவை மாற்ற வேண்டாம். மருந்து எல்லாவற்றையும் கைப்பையில் வையுங்கள். பெரிய அரசு மருத்துவமனை போர்ட் பிளேரில் இருக்கிறது. ஹேவ்லாக்கில் ஆரம்ப சுகாதார நிலையம்தான்.

இனி உங்கள் கடல். நீச்சல் தெரியாது என்று நினைக்கிறேன், பரவாயில்லை. எலிபன்ட் பீச்சில் ஸ்நார்கெலிங் (வாயில் குழாய் வைத்து மூச்சு விட்டபடி, மிதந்துகொண்டே கடலுக்கடியில் பார்ப்பது) செய்பவர்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. மிதவை மாட்டிக்கொண்டு வளையத்தைப் பிடித்துக்கொண்டால் வழிகாட்டி இழுத்துப் போவார். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து வாயால் மூச்சு விடப் பழகுவது மட்டும்தான் உங்கள் வேலை. முதல் இரண்டு நிமிடம் பயமாக இருக்கும், கரையோரத்தில் நின்றபடியே பழகிக்கொள்ளுங்கள். கீழே பவளப்பாறையும் மீன்களும் தெரிய ஆரம்பித்ததும் பயம் இருந்த இடம் தெரியாது. அதற்கும் மனம் வரவில்லையா, அடியில் கண்ணாடி வைத்த படகு இருக்கிறது. சேலை மட்டும் வேண்டாம். படகிலிருந்து முழங்கால் அளவு தண்ணீரில் இறங்க வேண்டி வரலாம், அப்போது கொசுவத்தைப் பிடிப்பதா படகைப் பிடிப்பதா என்று ஆகிவிடும். சுடிதார்தான் வசதி. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டை ஞாபகத்துக்கு என்று பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், சட்டப்படி குற்றம். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் காலைக்கூட நனைக்க வேண்டாம். அது சும்மா வைத்த பலகை இல்லை. 2010-இல் ஹேவ்லாக்கில் கடலில் இருந்த அமெரிக்கப் பெண் ஒருவரை முதலை கொன்றிருக்கிறது.

தீவுக்குத் தீவு போகும் படகில் சிலருக்குக் குமட்டும். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இடம் கேளுங்கள், அங்கே ஆட்டம் குறைவு. குமட்டல் மாத்திரையை ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, முன்பே போட வேண்டும். இதையும் மருத்துவரிடம் கேட்கும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்று அடித்தால் படகை ரத்து செய்துவிடுவார்கள். அதனால் திரும்பும் விமானத்துக்கு முதல் நாளே போர்ட் பிளேருக்கு வந்துவிட வேண்டும். பலர் இந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் பார்த்து விமானத்தைக் கோட்டை விடுகிறார்கள். அந்த நாள் ஒன்றும் வீணாகாது. செல்லுலார் ஜெயில் இருக்கிறது, வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது. கடைத்தெருவில் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

உங்கள் கணவர் இணையத்தில் தேடி, சாடில் பீக் என்று ஆரம்பிப்பார் பாருங்கள். 732 மீட்டர், அந்தமானிலேயே உயரமான மலை. போர்ட் பிளேரிலிருந்து வெகு தூரம் வடக்கே, திக்லிப்பூர் பக்கம். போக ஒரு நாள், வர ஒரு நாள். வழியில் ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதி வேறு, அங்கே வண்டிகளை வரிசையாகச் சேர்த்துத்தான் விடுவார்கள், படம் எடுக்கத் தடை. ஏறுவதும் இறங்குவதும் ஒரு முழு நாள் வேலை. முதல் பயணத்தில் அது வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. நீங்கள் அதை நேரே மறுத்தால் பிடிவாதம் பிடிப்பார். அடுத்த தடவை என்று சொல்லிவையுங்கள்.

மகனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், பயத்தில் பேசுகிறான். காசிக்கும் ஒரு நாள் போகலாம், அது எங்கும் ஓடிப்போகாது. முழங்கால்தான் காத்திருக்காது. எந்த நாள் எந்தத் தீவு, எந்த விடுதி என்று ஒரு தாளில் எழுதி அவனுக்கு அனுப்பிவிடுங்கள். சென்னையிலிருந்து கடலுக்கடியில் போட்ட கேபிள் 2020-லிருந்து வேலை செய்கிறது, முன்பு போல் இணையத்துக்கு அங்கே அவ்வளவு திண்டாட்டம் இல்லை. ராத்திரி வீடியோ காலில் பேசிவிடலாம். காட்டுக்குள் சிக்னலை நம்ப வேண்டாம் என்பதையும் முன்பே சொல்லிவிட்டால், போன் எடுக்காத இரண்டு மணி நேரத்தில் அவன் போலீசைக் கூப்பிட மாட்டான்.

மே முதல் செப்டம்பர் வரை மழை, கடலும் கொந்தளிப்பு. டிசம்பர் கடைசியில் கூட்டமும் விலையும் அதிகம். பொங்கல் முடிந்து, ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ கிளம்புங்கள். சென்னையிலிருந்து கப்பலும் உண்டு, ஆனால் ஏறக்குறைய மூன்று நாள். குமட்டுமா குமட்டாதா என்று தெரியாத நிலையில் முதல் தடவை விமானமே போதும். டிக்கெட்டை மகனைப் போடச் சொல்ல வேண்டாம், நீங்களே போடுங்கள். உங்களுக்கு ஜன்னல் ஓரம்.