பில் எழுதிய அன்றே அந்தப் பணம் என்னுடையது என்று நினைத்தேன்

கேள்வி: "சொந்தமாகச் சின்னதாக ஒரு தொழில் தொடங்கப் போகிறேன். பணக்கணக்கு, வரி விஷயத்தில் முதலில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?"

நீங்கள் இப்போது மாதச் சம்பளத்தில் இருக்கிறீர்கள், கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, வரி என்றால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது என்ற அளவில்தான் பழக்கம் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் அப்படித்தான் வந்தேன். என்னைக் கேட்டால் முதல் பாடம் இதுதான்: வங்கிக் கணக்கில் கிடக்கும் தொகையில் உங்களுடையது எவ்வளவு என்று எந்த நாள் கேட்டாலும் உங்களால் சொல்ல முடிய வேண்டும். முதல் வருடம் என்னால் சொல்ல முடியவில்லை.

துணிப்பை தைத்துக் கொடுப்பது என் தொழில். ஒரு அறை, இரண்டு தையல் மெஷின் என்று ஆரம்பித்தேன். எட்டாவது மாதம் பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. துணிக்கு உடனே பணம் கட்ட வேண்டும், தைப்பவர்களுக்கு வாரா வாரம் கூலி. எனக்கு மட்டும் பில் கொடுத்து 60 நாள் கழித்துத்தான் தருவோம் என்றார்கள். அவ்வளவு பெரிய ஆர்டரை விட மனசில்லாமல் ஒப்புக்கொண்டேன். 60 நாள் 110 நாள் ஆனது. ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் "சம்பந்தப்பட்டவர் லீவில் இருக்கிறார்" என்ற ஒரே பதில்.

இதற்கு நடுவில் விற்பனை வரி கட்டும் தேதி வந்துவிட்டது. பணம் கைக்கு வந்தால்தான் வரி என்று நினைத்திருந்தேன். நான் பதிவு செய்திருந்த முறையில் பில் போட்ட தேதிதான் கணக்கு. வராத பணத்துக்கு நான் வரி கட்ட வேண்டும். அதையாவது சமாளித்திருப்பேன். ஆனால் சில்லறை வாடிக்கையாளர்களிடம் பில்லோடு சேர்த்து வாங்கிய வரியையும் எடுத்து மூன்றாவது மெஷின் வாங்கியிருந்தேன். கணக்கில் பணம் இருந்தது, எடுத்தேன். கடைசியில் என் கணவரின் சேமிப்பிலிருந்து, தாமத வட்டியும் சேர்த்துக் கட்டினோம். அன்று இரவு நான் தூங்கவில்லை.

இந்த வரி எப்படி வேலை செய்கிறது என்று முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம். 1954-ல் பிரான்சில் வந்த மதிப்புக் கூட்டு வரியின் அடிப்படைதான் இன்று பல நாடுகளில் இருக்கிறது. வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60-க்குத் துணி வாங்கும்போது 6 வரி கொடுக்கிறீர்கள். பையை 100-க்கு விற்று 10 வரி வாங்குகிறீர்கள். வாங்கிய 10-ல் கொடுத்த 6-ஐக் கழித்து, மீதி 4-ஐ அரசுக்குக் கட்ட வேண்டும். அந்த 6-ஐக் கழிக்கத் துணி வாங்கிய பில் முறையாக இருக்க வேண்டும். பில் இல்லாமல் மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் வாங்கினால் கழிக்க வழியில்லை, முழு 10-ம் உங்கள் தலையில். நான் இரண்டு முறை அப்படி வாங்கியிருக்கிறேன்.

வருடக் கடைசியில் அடுத்த அடி. ஆடிட்டர் லாபக் கணக்கைக் காட்டினார். எளிதாக இருக்கட்டும் என்று 40 என்று வைத்துக்கொள்கிறேன்.

"இவ்வளவு லாபம் என்றால் அந்தப் பணம் எங்கே சார்?"

"துணியாக உங்கள் அலமாரியில் 6 இருக்கிறதும்மா. வராத பில்லாக 9. வீட்டுச் செலவுக்கு நீங்கள் எடுத்தது 5. மீதி 20 மெஷினாக நிற்கிறது."

மெஷினின் விலை 25. அது முழுவதும் அந்த வருடச் செலவு என்று நினைத்திருந்தேன். ஐந்து வருடம் உழைக்கும் பொருள் என்பதால் தேய்மானமாக 5 மட்டுமே செலவில் எழுதினார். தனி உரிமையாளராக நான் வீட்டுக்கு எடுத்ததும் செலவில் சேராது. கடன் தவணையிலும் வட்டி மட்டும்தான் செலவு, அசல் சேராது. ஆக 40-க்கும் வருமான வரி உண்டு, கையில் ரொக்கம் இல்லை.

இது கணக்கில் அரிச்சுவடி, இதற்கு இவ்வளவு பெரிய பதிலா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எனக்கு அது அரிச்சுவடியாக இருக்கவில்லை, கேள்வி கேட்டவருக்கும் இருக்காது. நான் ஆடிட்டர் இல்லை. வரி விகிதம், பதிவு வரம்பு, தேய்மான விகிதம் எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால்தான் அந்த எண்களுக்குள் போகவில்லை.

அதற்கப்புறம்தான் தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்கப் போனேன். அந்த வங்கியில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும், இன்றுவரை ஆறவில்லை. தொழில் என் பெயரில், கையெழுத்து என்னுடையது. அந்த அதிகாரி கேள்விகள் அத்தனையையும் துணைக்கு வந்த என் கணவரிடமே கேட்டார். வருட விற்பனை எவ்வளவு என்று அவரைக் கேட்டார். அவருக்குத் தெரியாது, நான் சொன்னேன். அடுத்த கேள்வியையும் அவர் முகத்தைப் பார்த்தே கேட்டார். வீட்டில் ஒரு பெண் மெஷின் மிதித்தால் அது பொழுதுபோக்கு என்று யார் முடிவு செய்தது? நான்கு பேருக்கு வாரக் கூலி என் கையிலிருந்துதான் போகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது என்னிடம் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. பணம் வந்த அன்றே அதிலுள்ள விற்பனை வரியை இரண்டாவது கணக்குக்கு மாற்றிவிடுவேன், மாதக் கடைசியில் லாபத்தில் ஒரு பங்கை வருமான வரிக்கென்று அங்கேயே போடுவேன். கடன் கேட்கும் வாடிக்கையாளரிடம் பாதியை முன்பணமாக வாங்காமல் துணி வெட்டுவதில்லை. இதனால் இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போனது உண்மைதான்.

நீங்கள் தொடங்குவதற்கு முன்பே ஆடிட்டரை ஒருமுறை பாருங்கள். பில் தேதியில் இல்லாமல் பணம் வந்த தேதியில் வரி கட்டும் வசதி சில நாடுகளில் சிறு தொழில்களுக்கு உண்டு. உங்களுக்கு அது கிடைக்குமா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். நான் அதைக் கேட்டபோது இரண்டாவது வருடம் பாதி முடிந்திருந்தது.